யாழ்ப்பாணத்து அரசுக்கு நந்தி எப்படிச் சின்னமானது?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலி நகருக்குச் சேவல் இருக்கிறது. யாழ்ப்பாண அரசர்களுக்கு நந்தி எப்படி வந்தது? கமம் செய்து பிழைத்த ஊர் என்பதாலா? நல்லூர்க் கந்தனின் ஊருக்கு மயிலோ சேவலோ அல்லவா வந்திருக்க வேண்டும்? எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு நந்தியை வைத்து ஒரு சின்னம் வரையப் போகிறோம். பிழை இல்லாமல் வரைய ஆசை."

மயிலைப் பற்றிக் கேட்டீர்களே, அங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நேரான பதில்: நந்தி இராமேசுவரத்துப் பக்கமிருந்து, ஓர் அரச குடும்பத்தோடு கடல் கடந்து இங்கே வந்த சின்னம். ஊர் அதைத் தெரிவு செய்யவில்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற அந்தக் குடும்பத்தினர் தங்கள் குலச் சின்னமாகக் கொண்டுவந்ததை ஊர் ஏற்றுக்கொண்டது. இதற்கு முதல் சாட்சி அவர்கள் அடித்த காசுதான்.

அந்தக் காசை நான் சின்ன வயதிலேயே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோப்பாயில் பெரியப்பாவின் வளவில் வாழைக்குக் கிடங்கு வெட்டியபோது மண்ணோடு வந்தது. செம்புக் காசு, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பெரியப்பா அதைக் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் பழப்புளி போட்டு மினுக்கிவிட்டார். மாட்டின் திமில் பளிச்சென்று வந்தது. கால்களை மடக்கி, இடப்பக்கம் பார்த்தபடி படுத்திருந்தது. அதற்கு மேலே ஒரு பிறை. சுற்றிவர மணி மணியாக ஒரு வளையம். கீழே இரண்டு எழுத்து இருந்த இடத்தில் ஒன்று தெளிவாக நின்றது. மற்றது புளியோடு போய்விட்டது. நின்ற எழுத்து "து".

முழு எழுத்தையும் பிறகு வேறு காசுகளில் பார்த்தேன். "சேது" என்று இருக்கும். அந்தக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான், இன்றைய இரட்டைச்சுழிக் கொம்பு வீரமாமுனிவர் காலத்தோடு வந்தது. ஆகவே காசில் ஒற்றைக் கொம்பு, ச, து என்று மூன்று குறிகளாகத் தெரியும். பார்ப்பவர்கள் "செது" என்று வாசித்துவிட்டு முழிப்பார்கள். அது சேதுதான். காசு சேகரிப்பவர்களும் இவற்றைச் "சேதுக் காசு" என்றே சொல்கிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படிக் காசு அகப்பட்டால் தயவுசெய்து புளியோ எலுமிச்சையோ போடாதீர்கள். களிம்போடு எழுத்தும் கரைந்துவிடும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்கவும் வேண்டும். எந்த வளவில், எத்தனை அடி ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் காசைப் போலவே பெறுமதியானது. எங்கள் வீட்டுக் காசின் கதையில் அந்த விவரமெல்லாம் யாரும் குறிக்காமலே போய்விட்டது, எனக்கு இன்றும் மனவருத்தம்.

சரி, காசின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மனித உருவம் நிற்கும், கோடுகளால் கீறியதுபோல. அந்த உருவம் யாழ்ப்பாணத்தில் பிறந்தது இல்லை. முதலாம் இராசராச சோழன் காலத்திலிருந்து இலங்கை முழுவதும் புழங்கிய காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், பக்கத்தில் நாகரி எழுத்தில் அரசன் பெயரும் இருந்தன. சோழரைத் துரத்திய விசயபாகுவும், பிறகு வந்த பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி ஆகியோரும் அதே அமைப்பிலேயே காசு அடித்தார்கள். சந்தையில் மக்கள் கண்ணுக்குப் பழகிய காசு அதுதான். புதிதாக ஆட்சிக்கு வருபவர் முற்றிலும் புது மாதிரிக் காசு கொடுத்தால் கடைக்காரன் வாங்கத் தயங்குவான்.

ஆரியச்சக்கரவர்த்திகள் செய்ததைப் பாருங்கள். நிற்கும் உருவத்தைத் தொடவில்லை. பின்புறத்தில் அமர்ந்த உருவத்தை எடுத்தார்கள், நாகரிப் பெயரை எடுத்தார்கள். அந்த இடத்தில் நந்தியையும் தமிழ் எழுத்தையும் வைத்தார்கள். அரசன் பெயரைக்கூடப் போடவில்லை. செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிப் பட்டப்பெயர் சூடிய அரசர்கள் பலர் ஆண்ட அரசு அது. காசில் அந்தப் பட்டங்களை வைக்காமல் "சேது" என்ற ஒரே சொல்லை வைத்தது, தனி மனிதனைவிடக் குடும்பம் பெரிது என்று அவர்கள் நினைத்ததைக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

கமத்தோடு நந்தியைத் தொடுப்பவர்களுக்கும் இந்தக் காசே பதில் சொல்லும். எங்கள் ஊரில் மாடு இல்லாத வாழ்க்கை இருந்ததில்லை. வண்டில் மாடு, உழவு மாடு, மாட்டு வண்டில் சவாரிக்கென்று பிள்ளைபோல வளர்க்கும் நாம்பன், பட்டிப்பொங்கலன்று கொம்புக்குப் பூசும் சாயம், எல்லாம் உண்மை. ஆனாலும் காசில் இருக்கிற மாட்டின் கழுத்தில் நுகம் இல்லை, பின்னால் ஏரோ வண்டிலோ இல்லை, அது நடக்கவும் இல்லை. முன்னங்காலை மடக்கிப் படுத்திருக்கிறது. தலைக்கு மேலே பிறை. எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் மூலவரைப் பார்த்தபடி கிடக்கிற நந்தியின் கிடை அதுதான், பிறையும் சிவனுடைய சடையில் உள்ள பிறைதான். வயலில் நின்ற மாட்டைப் பார்த்து அந்த அச்சை வெட்டவில்லை, சன்னிதியில் கிடந்த நந்தியைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள்.

எந்தச் சன்னிதி? நந்திக்குக் கீழே உள்ள சொல் அதைச் சொல்லிவிடுகிறது. சேது என்றால் இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையில் கிடக்கிற மணல் திட்டுத் தொடர், அதோடு சேர்ந்த புண்ணியத் துறை. அதைக் காப்பவர்கள் என்பது இந்த அரசர்களின் பெருமை, "சேதுகாவலன்" என்பது அவர்கள் பட்டம். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளில் ஆரியச்சக்கரவர்த்தி என்ற பெயரோடு அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களின் ஊராகச் சொல்லப்படுவது இராமநாதபுரப் பக்கத்துச் செவ்விருக்கை நாட்டுச் சக்கரவர்த்திநல்லூர். அந்தப் பெயரின் கடைசிப் பாதி நமக்கு எவ்வளவு பழக்கமான பெயர் என்று கவனியுங்கள். அந்த வழியில் வந்த படைத்தலைவன் ஒருவனே 1284 அளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்காகச் சிங்களத் தலைநகரான யாப்பகுவவைத் தாக்கிப் புத்தரின் தந்தத்தைக் கொண்டுபோனதாகப் பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது.

அரசவையில் எழுந்த செகராசசேகரமாலை ஒரு சோதிட நூல். அதன் சிறப்புப்பாயிரத்தில் குலக்கதை வருகிறது. இராமர் சேதுவில் சிவலிங்கம் வைத்து வழிபட்டபோது 512 பாசுபத வேதியரை அங்கே நிலைநிறுத்தினார், அந்த வழியில் வந்தவர்களே ஆரிய அரசர்கள், விடைக்கொடியும் அவர்களுக்கு உரியது என்பது அதன் சாரம். விடை என்றால் எருது என்று உங்களுக்குத் தெரியும். இராமர் கொடுத்தார் என்பதை வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. புலவர் அரசனைப் பாடும்போது குலத்தைத் தேவரிடமோ அவதாரத்திடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பது வழக்கம். ஆனால் தங்கள் கொடியில் எருது இருக்கிறது, அது சேதுவிலிருந்து வந்தது என்று அந்தக் குடும்பம் தானே நம்பியது, தன் சபையில் பாடவும் வைத்தது. பாட்டில் சொன்னதையே காசிலும் பொறித்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டும் சிங்கைநகர் ஆரியனின், அதாவது இந்த வம்சத்து அரசனின், வெற்றியைப் பாடுகிறது, அதன் தலைப்பிலும் "சேது" என்றே பொறித்திருக்கிறார்கள். ஆக, சேது என்பது இந்த அரசின் கையெழுத்து மாதிரி.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கிற இடம். பாண்டியரின் சின்னம் கயல். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கைக்குப் படையெடுத்தான். கோணமலையில் கயல் பொறித்ததை அவனுடைய குடுமியான்மலைக் கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. திருகோணமலைக் கோட்டை வாசலுக்குப் போனால் இணைக்கயலை இன்றும் கல்லில் காணலாம். ஆரியச்சக்கரவர்த்திகள் அந்தப் பாண்டியரிடம் சேவகம் செய்தவர்கள். எசமானின் நாட்டில் படைத்தலைவனுக்குத் தனிக் காசு கிடையாது, அப்படி அடித்திருந்தாலும் அதில் மீன்தான் இருந்திருக்கும். 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரைக்குப் படையோடு வந்த பிறகு பாண்டியர் ஒருபோதும் பழையபடி எழும்பவில்லை. 1344இல் அராபியப் பயணி இபின் பட்டூட்டா புத்தளத்தில் கண்ட ஆரியச்சக்கரவர்த்தி யாருக்கும் கீழ்ப்பட்டவனாகத் தெரியவில்லை. முத்துக் குளிப்பு அவன் கையில், கப்பல்கள் அவன் கையில். வந்த விருந்தாளிக்கு முத்துகளைக் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போக ஆட்களையும் கூட்டி அனுப்புகிறான். அப்படிப்பட்ட ஒருவன் அடிக்கிற காசில் மீன் இருக்காது. மீன் இருக்க வேண்டிய இடத்தில் நந்தி படுத்திருப்பதே "நாங்கள் இனித் தனி அரசு" என்ற அறிவிப்பு. அதனால்தான் இந்தச் சின்னத்தை வெறும் பக்திச் சின்னம் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். பக்தி இருக்கிறது, அதோடு அரசியலும் இருக்கிறது.

இப்போது மயிலுக்கு வருவோம். நல்லூரின் தலைக்கோயில் கந்தனுடையது. அரசு ஊரிலிருந்து சின்னம் எடுத்திருந்தால் நீங்கள் சொன்னதுபோல மயிலோ சேவலோதான் வந்திருக்கும். வரவில்லை. ஏனென்றால் சின்னம் ஊருக்கு முந்தியது. அவர்கள் நல்லூருக்கு வரும்போதே நந்தியோடு வந்துவிட்டார்கள். நகரை வகுத்தபோது நாலு திசைக்கும் காவலாகக் கோயில்கள் எழுப்பியதை யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி, தெற்கே கைலாயநாதர், வடக்கே சட்டநாதர். நாலில் இரண்டு சிவனுக்கு. கந்தசுவாமி கோயில் யார் கட்டியது என்பதே நீண்ட விவாதம். 1450இல் தெற்கே கோட்டே இராச்சியத்தின் அரசனுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்துப் பதினேழு ஆண்டு ஆண்ட சப்புமல் குமாரயா, அதாவது செண்பகப் பெருமாள் என்கிற புவனேகபாகுவின் பெயரைச் சிலர் சொல்வார்கள், அதே பெயரில் அதற்கு முந்திய மந்திரி ஒருவரைச் சிலர் சொல்வார்கள். கோயில் கட்டியத்தில் புவனேகபாகு பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. எது சரியானாலும், கந்தன் கோயில் அரச குடும்பத்தின் கொடியை மாற்றவில்லை. 1467இல் கனகசூரிய சிங்கையாரியன் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்தான், நந்திக் காசும் அந்த வம்சத்தோடு தொடர்ந்தது.

வேறு விளக்கங்களும் உண்டு, அவற்றை ஒதுக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். "சேது" என்று இருப்பதால் இவை இராமநாதபுரம் சேதுபதிகள் அடித்தவை என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். சேதுபதிகள் அதிகாரத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காசின் எழுத்து அதைவிடப் பழையது. முன்புறத்து நிற்கும் உருவம் இலங்கைக் காசின் உருவம். கிடைப்பதும் பெரும்பாலும் இந்தக் கரையில். 1920களில் சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் நாணய ஆய்வாளர் கொட்றிங்டனும் எழுதியவற்றோடு அந்தக் குழப்பம் தீர்ந்தது. இராசநாயகம் முதலியார் இன்னொரு படி போய், கலிங்கத்துக் கீழைக் கங்கர் காசிலும் படுத்த எருதும் பிறையும் இருப்பதைக் காட்டி, இந்த வம்சமே கலிங்கத்திலிருந்து வந்தது என்றார். அவருடைய உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன், ஆனாலும் அந்த முடிவை ஏற்க முடியவில்லை. கங்கர் காசு பொட்டளவு பொற்பணம், இது இலங்கை மாதிரிச் செம்புக் காசு. பல்லவர் முத்திரையிலும் எருது உண்டு. சிவனைக் கும்பிட்ட அரசர் பலர் எருதை வைத்திருக்கிறார்கள், எருது ஒத்துப்போனதால் இரத்த உறவு என்று சொல்ல முடியாது. எருது பொதுச் சொத்து, சேது மட்டுமே விலாசம். கந்தரோடையில் கிடைக்கிற மிகப் பழைய காசுகளில் திமிலுள்ள எருது இருப்பதைக் காட்டி, ஆதியிலிருந்தே இது நமது சின்னம் என்று சொல்வோரும் உண்டு. ஆசைக்கு நல்லது. இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி கிடக்கிறதே.

சின்னம் எப்படிப் போனது என்பது சுருக்கமான, கசப்பான கதை. 1619இல் பிலிப் டி ஒலிவேறா தலைமையில் வந்த போர்த்துக்கீசரிடம் சங்கிலி குமாரன் தோற்றான். கோவாவுக்குக் கொண்டுபோய் அங்கே கொன்றார்கள். 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. தலைநகரம் கோட்டைப் பக்கம், இப்போதைய பட்டினத்துக்கு மாறியது. 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஆட்சியிலிருந்த ஊர்களுக்கெல்லாம் தங்கள் முறைப்படி சின்னம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அவர்கள் கொடுத்தது பனைமரம். நீங்கள் சொன்ன காலிச் சேவலும் அந்த வகைதான். போர்த்துக்கீச மொழியில் "காலோ" என்றால் சேவல். ஊர்ப் பெயர் அவர்கள் காதில் சேவலாக விழுந்தது. காலிக் கோட்டைப் பழைய வாசலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தர் செதுக்கிய சின்னத்தின் மேல் அந்தச் சேவல் நிற்கிறது. காலிக்கு வெளியார் காதில் விழுந்த சத்தத்தால் ஒரு பறவை, யாழ்ப்பாணத்துக்கு வெளியார் கண்ணில் பட்ட மரம். இடையில் நந்தி மண்ணுக்குள் போய்விட்டது. பாட்டு ஏட்டில் கிடந்தது, காசு வளவுகளில் கிடந்தது. முந்நூறு ஆண்டுக்குப் பிறகு மண்வெட்டிதான் அதை வெளியே எடுத்தது.

நல்லூரில் முத்திரைச் சந்தி இருக்கிறது, சங்கிலியன் சிலை நிற்கிற இடம். அரசனின் முத்திரை குத்திய இடம் என்பதால் அந்தப் பெயர் என்று ஊரார் சொல்வார்கள். சங்கிலியன் தோப்பு வாசலும் மந்திரிமனையும் யமுனாரியும் கிட்டக் கிட்டத்தான். நல்லூர்த் தேருக்குப் போகிறவர்கள் அந்தச் சந்தியைக் கடந்துதான் போகிறார்கள், பெயரில் என்ன இருக்கிறது என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அந்த முத்திரையில் இருந்தது நந்தியாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் கழகச் சின்னம். சிவராத்திரிக்குக் கோயில்களிலும் வீதிகளிலும் கட்டுகிற நந்திக் கொடியைப் பார்த்து வரையாதீர்கள். அது 1990களில் சைவ மக்களுக்கென்று வரைந்த சமயக் கொடி, அதற்கு அதன் மரியாதை உண்டு, ஆனால் அரசர்களின் கொடி அது இல்லை. அரசர்களின் கொடி என்ன நிறம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நமக்குக் கையில் இருப்பது காசு, காசில் நிறம் கிடையாது, ஆகவே நிறத்தை உங்கள் விருப்பப்படி எடுங்கள். இராமேசுவரம் கோயிலில் இருக்கிற பெரிய சுதை நந்தியையும் மாதிரியாக எடுக்க வேண்டாம், அது பிற்காலத்தது, அலங்காரமும் அதிகம். காசில் உள்ளது எளிமையானது. நாலைந்து வளைகோடுதான்: முதுகு, திமில், கழுத்து, மடக்கிய கால், வால். திமிலைக் குறைத்து வரைந்துவிடாதீர்கள், காசில் முதலில் கண்ணில் படுவதே திமில்தான். கொம்பு சிறிது. கழுத்தில் மணியும் வேண்டாம், நுகமும் வேண்டாம். மேலே பிறை, வெளியே மணி வளையம். கீழே இடம் விட்டு "சேது" என்று எழுதுங்கள், விரும்பினால் பழையபடி ஒற்றைக் கொம்போடு. யாராவது எழுத்துப்பிழை என்று சொன்னால் காசைக் காட்டுங்கள். கழகத்தின் பெயரைச் சின்னத்துக்குள் நுழைக்காமல் வளையத்துக்கு வெளியே சுற்றி எழுதினால் வடிவாக இருக்கும்.

வரைந்து முடித்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள் தம்பி. பெரியப்பாவின் காசில் புளி தின்ற அந்த எழுத்தை முழுதாகப் பார்த்துவிடலாம்.